இன்னும் ஒரு வாய்

வானொலியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் குச்சி ஐஸ் மாதிரி ஒரு மைக். 'தூங்காதே துளியே' பாட்டு எப்படிப் பிறந்தது என்று விசாரிக்க வந்தவள். கிறிஸ்துமஸ் வந்தால் அந்தப் பாட்டைப் பாடாத சர்ச் இப்போது அபூர்வம். அது முதன்முதலில் ஒலித்தது எங்கள் சர்ச்சில் என்பதால் அந்த மைக் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

பாஸ்டரைக் கேட்டாள். பாடகர் குழுத் தலைவரைக் கேட்டாள். சர்ச் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரைக்கூட விடவில்லை; அந்த மனுஷன் இந்தப் பக்கம் குடிவந்ததே போன வருஷம்தான். என்னைக் கேட்கவில்லை. நான் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன், பிஸ்கட் வைத்தேன், அவள் செருப்பு மாட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நிகழ்ச்சியைக் கேட்டேன். பாஸ்டர் நன்றாகத்தான் பேசினார். உலகத்தில் உள்ள அத்தனை பாட்டும் பாலனைத் தூங்கு தூங்கு என்று தாலாட்ட, இது மட்டும் தூங்காதே என்கிறதே, ஏன்? விழித்திருக்க வேண்டியது மனிதனின் ஆன்மா என்பதால். துளி என்றால்? வானத்துப் பனித்துளி. 'இன்னும் ஒரு வாய்' என்றால்? துதிபாட இன்னும் ஒரு வாய் வந்து சேரட்டும் என்ற அழைப்பு. அதனால்தான் இந்தப் பாட்டை ஒருவர் தொடங்க, ஒவ்வொரு 'இன்னும் ஒரு வாய்'க்கும் இன்னொருவர், இன்னொரு வரிசை என்று எழுந்து சேர்ந்துகொள்கிறார்கள். கடைசி வரிக்கு முன்னால் வரும் மௌனம்? அது பிரபஞ்சமே மண்டியிடும் கணமாம்.

பாடகர் குழுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் எழுதலைங்க. கேட்டு எழுதினேன்." அந்தப் பெண் உடனே குரலைத் தழைத்து, "கேட்டு எழுதினாராம், நேயர்களே... எங்கிருந்து கேட்டார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்" என்று வானத்தைப் பார்க்க வைத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் கேட்டது மேலேயிருந்து இல்லை. பக்கவாட்டிலிருந்து. இன்னும் ஒரு வாய் என்றால் இன்னும் ஒரு வாய் பால்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டுக்கும் லாண்டரி வேன்காரன் வீட்டுக்கும் நடுவில் இருப்பது பெயருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் யாராவது கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் வரும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. என் அடுப்பு அந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது, அடுப்பை நகர்த்தவா முடியும்?

வேன்காரனுக்கு ஹோட்டல்களிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு வருவதும், வெளுத்து மடித்ததைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுவதும் வேலை. எங்கள் சந்தில் வேனைத் திருப்ப இடம் கிடையாது. தெருமுனையிலிருந்தே பின்னுக்கு எடுத்துத்தான் வரவேண்டும். பின்னுக்கு வரும்போது வேன் ஒரு ராகம் பாடும். மேலே ஏறி, ஏறி, அங்கேயே தயங்கி, பிறகு பொத்தென்று இறங்கும் ராகம். வேன் நிற்கும்வரை ஓயாது. அதனால் அவனுக்குத் தெருவே வைத்த பெயர் ரிவர்ஸ். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பான்.

அவன் பெண்டாட்டி திரைச்சீலைக் கடையில் தைக்கிறவள். தினமும் காலையில் அவளை முன் ஸீட்டில் உட்காரவைத்து, கடைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அவன் அடுத்த ஹோட்டலுக்குப் போவான். நடந்தால் கொஞ்ச தூரம்தான். அதற்கு ஒரு வேன்!

அவளுடைய அண்ணன்தான் இந்தப் பாடகர் குழுத் தலைவர். பியானோ வாத்தியார். அவருக்குப் பெயர் சுருதி. யாராவது அபஸ்வரமாகத் தும்மினால்கூட முகத்தைச் சுளிப்பார். ஒருமுறை என் வீட்டுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை. "உங்க ஃபிரிட்ஜ் அரை சுருதி கம்மியா ஓடுது, பாத்துக்கங்க" என்றார். நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தான்.

தங்கை ரிவர்ஸைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது சுருதி கேட்ட முதல் கேள்வி, "அவனுக்கு ஒரு பாட்டையாவது நேராப் பாட வருமா?"

"வராதுண்ணே. ஆனா நான் பேசினா காது குடுத்துக் கேப்பான்."

கல்யாணத்துக்கு வந்தார். பியானோ வாசித்தார். சாப்பிடாமல் போய்விட்டார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரே சர்ச்சில் அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொள்வார்கள், வங்கி வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி தலையாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்த பெண், புருஷனோடு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவன் பாடினால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று அவனும் வாயை மட்டும் அசைப்பான். எனக்குத் தெரியாதா, திரும்பிப் பார்த்தேனே.

அவளுக்குக் குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெண் குழந்தை. வீட்டுக்கு அனுப்பியபோது நான்தான் முதலில் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி போகாமல் வேறு யார் போவது? தலையணை உறைக்குள் போட்டால் தேடித்தான் எடுக்கணும், அத்தனை சின்னது. அப்பன்காரன் துளி, துளி என்று கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது.

அனுப்பும்போது நர்ஸ் சொல்லி அனுப்பியதை அவள் என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். "பசிச்சா அழுவான்னு காத்திருக்காதீங்க, இது அழாது. தூங்கியே போயிடும். ஒரு வேளை பால் உள்ள போகலைன்னா அடுத்த வேளை குடிக்கத் தெம்பு இருக்காது. நேரத்துக்கு எழுப்பிக் குடுங்க. எழுந்துக்கவே மாட்டேங்குதுன்னா யோசிக்காதீங்க, தூக்கிட்டு ஓடியாங்க, மறுபடி பெட்டிக்குள்ள வெச்சுக்கறோம்." சொல்லிவிட்டு அந்தப் பெட்டியை நினைத்தாளோ என்னவோ, குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தாள்.

தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து ஸ்பூனால் புகட்ட வேண்டும். காலையிலும் இரவிலும் அவள். மதியம் வேலை முடிந்து வந்ததிலிருந்து சாயங்காலம்வரை ரிவர்ஸ். அந்த நேரத்தில்தான் அவள் கண் அயர்வாள். அவன் அந்தக் குழந்தையை எழுப்புகிற பாடு இருக்கிறதே! உள்ளங்காலைச் சுண்டுவான். ஈரத்துணியால் கன்னத்தைத் தொடுவான். சட்டையைக் கழற்றுவான். சுவர் வழியாகக் கெஞ்சல் கேட்கும்.

"துளி... இங்க பாரு... அப்பாவைப் பாரு. ஏ துளி. மேடம்! கொஞ்சம் கண்ணைத் தொறக்கறீங்களா மேடம்?"

மேடம் திறக்க மாட்டாள். ஸ்பூனில் ஊற்றிய பால் வாயோரமாக வழிந்து கழுத்துக்குப் போகும். அந்த நேரங்களில் அவன் குரல் மெலிந்துகொண்டே வந்து நின்றுவிடும். எனக்கு அடுப்பில் எது தீய்ந்தாலும் தெரியாது.

ஒரு மதியம் ரிவர்ஸ் லீவு போட்டிருந்தான். லாண்டரியில் இன்னொரு டிரைவர், சின்னப் பையன் மாதிரி இருப்பான், மீசை மட்டும் பெரிசு, அவன் வேனைக் கொண்டுவந்து விட எங்கள் சந்துக்குள் வந்தான். பின்னுக்குத்தான் வந்தான். வேன் பாடியது. உடனே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல்.

"கண்ணைத் தொறந்துட்டா! ஏய்... ஏய், முழிச்சுட்டா! குடிக்கிறா!"

வேன் நின்றது. பாட்டும் நின்றது. ஜன்னல் திறந்தது.

"டேய் மீசை! நிறுத்தாதடா! ரிவர்ஸ் போடு!"

"வந்தாச்சுண்ணே! இதுக்கு மேல போனா சுவரு!"

"முன்னாடி போயிட்டு மறுபடி வாடா!"

"எதுக்குண்ணே?"

"என் பொண்ணு பால் குடிக்கிறாடா!"

மீசைக்கு என்ன புரிந்ததோ, முன்னால் போனான், பின்னால் வந்தான். போனான், வந்தான். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஜன்னலைத் திறந்து திட்டியது. நானும் திட்டத்தான் வெளியே போனேன். ஜன்னலில் ரிவர்ஸ் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் ஸ்பூனுமாக நிற்பதைப் பார்த்தேன். பிறகு நான் திட்டினது, திட்டிக்கொண்டிருந்த மற்றவர்களைத்தான்.

சாயங்காலம் அவன் பெண்டாட்டிதான் கண்டுபிடித்தாள். "ஏங்க, மாசமா இருந்தப்ப தினமும் முன்னாடி ஸீட்லதான உக்காந்து வந்தேன்? கடை வாசல்ல நீங்க ரிவர்ஸ் எடுக்காத நாளே கிடையாது. அவ உள்ள இருந்தே கேட்டுட்டு இருந்திருக்கா. அந்தச் சத்தம் வந்தா, இடம் வந்துடுச்சு, எழுந்துக்கணும்னு நெனச்சுக்கறா போல."

வேனை வீட்டுக்குள் கொண்டுவர முடியாதே. அதனால் ரிவர்ஸ் பாட ஆரம்பித்தான்.

அதைப் பாட்டு என்று சொல்ல அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. தகர டப்பாவைத் தரையில் இழுத்தால் எப்படியிருக்கும், அந்தக் குரலில், வேன் பாடிய அதே ஏற்றம், அதே தயக்கம், அதே பொத். வார்த்தைகள் அவன் சொந்தச் சரக்கு.

*தூங்காதே, துளியே, தூங்காதே,*
*கண்ணைத் தொற, துளியே, கண்ணைத் தொற.*
*இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்,*
*இன்னும் ஒரே ஒரு வாய்...*

இங்கே நிறுத்துவான். பால் உள்ளே இறங்கும் 'மடக்' சத்தத்துக்காகக் குழந்தையின் தொண்டைப் பக்கம் காதை வைத்துக் கேட்பான். மடக் வரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. மடக் வந்தால் அடுத்த ஸ்பூன். கிண்ணம் காலியானால்தான் கடைசி வரி.

*போதும், துளியே, போதும். இனி நீ தூங்கு.*

எனக்கு அந்த மடக் எப்படிக் கேட்கும்? கேட்காது. அவன் மறுபடி வாயைத் திறக்கும்வரை என் கையில் கரண்டி அந்தரத்தில் நிற்கும். திறந்தால்தான் நான் கிளறுவேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. சர்ச்சில் வருஷாவருஷம் நாடகம் உண்டு. பாலனுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை படுத்திருக்கும். முந்தின வருஷம் ஒரு மேய்ப்பன் கும்பிடப்போய் அதன் தலை கையோடு வந்துவிட்டது. அந்த வருஷம் இன்னும் மோசம். மரியாளாக நடிக்க வேண்டிய பெண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் பலூன். நாடகப் பொறுப்பு சுருதியுடையது. அவர் அதற்காகவே ஒரு புதுப் பாட்டும் கட்டி வைத்திருந்தார்: 'அகிலாண்டப் பேரருளே, அயர்ந்து துயில்வாய்'. பாடி முடிக்கும்போது பல் ஆடுகிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

அவர் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றபோது, தற்செயலாக நானும் சர்க்கரை கடன் வாங்கப் போயிருந்தேன்.

"மாப்ள இல்லையா?" என்றார், செருப்பைக் கழற்றாமல்.

"வேலைக்குப் போயிருக்காரு. உள்ள வாண்ணே."

செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தவர் தொட்டில் பக்கம் போனார். குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். துளி தூங்கிக்கொண்டிருந்தாள், சின்னதாக ஒரு மூச்சு, உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

"என்ன, சுருதி கம்மியா இருக்கா?" என்றாள் தங்கை. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த கேள்வி அது.

"இல்ல," என்றார். "சரியா இருக்கு."

எனக்கு சர்க்கரை வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். வசனம் கிடையாது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

"பால் நேரம் வருமேண்ணே?"

"அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்."

"பாஸ்டர் பேசுவாரே?"

"ரெண்டு வார்த்தைதான் பேசறேன்னு சொல்லியிருக்கார்."

எங்கள் பாஸ்டர் இரண்டு வார்த்தையில் தன் பெயரைக்கூடச் சொன்னதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறான். சரி என்றாள்.

அன்று சாயங்காலம் நான் முன்வரிசையில் இருந்தேன். கண் சரியாகத் தெரியாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் அந்த இடம் எனக்கு எப்போதும் உண்டு. மேடைத் திரை அவள் தைத்தது. தேவதூதர்களின் அங்கியெல்லாம் ரிவர்ஸ் கொண்டுவந்த படுக்கை விரிப்பு; ஒரு தேவதூதனின் முதுகில் ஹோட்டல் முத்திரை நன்றாகவே தெரிந்தது. திரைக்கயிற்றை இழுக்கிற வேலையும் அவனுடையதுதான். அந்தக் கயிற்றை மாட்டிவைக்கக் கொக்கி கிடையாது. திறந்தபின் ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், விட்டால் திரை விழுந்துவிடும்.

பாஸ்டர் பேசினார். பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஒருவர் தூங்கி எழுந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார். ஒருவழியாகத் திரை திறந்தபோது பால் நேரம் வந்துவிட்டது என்று எனக்கே தெரியும். தினமும் என் அடுப்பு அறிந்த நேரமல்லவா.

அவள் நீலச்சேலை முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் துளி. முக்காட்டுக்குள் பால் கிண்ணமும் ஸ்பூனும் ஒளித்து வைத்திருந்தாள். சமாளித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். மேலே விளக்குகள் தகதகவென்று எரிந்தன. அந்தச் சூட்டுக்கும் போர்வையின் கதகதப்புக்கும் குழந்தை எங்கேயோ ஆழத்துக்குப் போயிருந்தது. பாடகர் குழு வேறு எழுந்து நின்று, "அயர்ந்து துயில்வாய், அசையாது துயில்வாய்" என்று நாலு குரலில் தாலாட்டத் தொடங்கியது.

முக்காட்டுக்குள் அவள் கை உள்ளங்காலைச் சுண்டுவது எனக்குத் தெரிந்தது. சுண்டினாள். கன்னத்தைத் தொட்டாள். ஸ்பூனை வாயில் வைத்தாள். பால் வழிந்து நீலச்சேலையில் கறுப்பாகப் பரவியது. யோசேப்பாக நின்ற தபால்காரர் ஒட்டுத்தாடியை அசைக்காமல் கேட்டார், "என்னாச்சும்மா?"

"எழுந்துக்க மாட்டேங்கறா."

"எழுப்பு எழுப்பு."

"எழுந்துக்க மாட்டேங்கறாண்ணே!"

அவள் திரை ஓரமாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். பின்வரிசையில் இருந்தவர்கள், மரியாள் என்னமாய் நடிக்கிறாள் என்று உச்சுக்கொட்டினார்கள். அவள் எழுந்து ஓடவும் தயாராகிவிட்டாள். குழந்தையைச் சுற்றிப் போர்வையை இழுத்து முடிந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் போனால் ஆஸ்பத்திரிதான், கண்ணாடிப் பெட்டிதான்.

திரைக்குப் பின்னாலிருந்து தகர டப்பா இழுபட்டது.

*தூங்காதே, துளியே, தூங்காதே...*

கயிற்றை விட முடியாமல் நின்ற இடத்திலிருந்தே பாடினான். துயில்வாய் துயில்வாய் என்று நாலு குரல் ஒருபக்கம், தூங்காதே என்று ஆள் தெரியாத ஒரு குரல் மறுபக்கம். பாடகர் குழு தடுமாறியது. ஒருத்தி துயில்வாய்க்கு நடுவில் விக்கினாள். எல்லோரும் சுருதியைப் பார்த்தார்கள். அவர் கட்டிய பாட்டு, அவருடைய நாள். அதுவும் இப்படி ஒரு குரல் வந்து கெடுத்தால் மனுஷன் பியானோ மூடியைப் படார் என்று மூடிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் மேடையைப் பார்த்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். ஸ்பூனைப் பார்த்தார். கையை உயர்த்தித் தன் குழுவை நிறுத்தினார்.

ரிவர்ஸின் குரல் மட்டும் மிச்சம். சுருதி பியானோவில் அதைப் பிடிக்கப் பார்த்தார். ஒரு விரலால் ஒரு கட்டையைத் தொட்டார், இல்லை. பக்கத்துக் கட்டை, அதுவும் இல்லை. அந்தக் குரல் இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கேயோ, ஆண்டவன் பியானோவில் வைக்க மறந்த இடத்தில் இருந்தது. அவர் கையை எடுத்துவிட்டு எழுந்தார். வாயைத் திறந்தார்.

*இன்னும் ஒரு வாய்...*

பாடினார், ரிவர்ஸ் பாடிய அதே அபஸ்வரத்தில். என் ஃபிரிட்ஜைப் பொறுக்காத மனுஷன், மாப்பிள்ளையின் தப்பான சுருதி எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் நின்று, ஒரு மயிரிழை நகராமல் பாடினார். அந்தக் குழந்தைக்குத் தெரிந்த சுருதி அதுதானே.

மூன்றாவது வாய் என்னுடையது. எனக்குத்தான் சுவர் வழியாக முழுப் பாட்டும் மனப்பாடம். வானொலியில் இதைச் சொல்லவேயில்லை. நாலாவது தபால்காரர், தாடி ஒருபக்கம் தொங்கத் தொங்க. பிறகு விக்கினவள். பிறகு ஒவ்வொரு 'இன்னும் ஒரு வாய்'க்கும் ஒருவர், இருவர், ஒரு வரிசை என்று எழுந்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்துக்கொண்டு எழுந்தவர்கள்தான் பாதி. நினைத்துவிட்டுப் போகட்டும். பாட்டு நிறைந்துகொண்டே வந்தது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. தீக்குச்சி மாதிரி விரல்கள். விரிந்தன.

"தொறந்துட்டா," என்றாள் அவள். ஸ்பூனை எடுத்தாள்.

*இன்னும் ஒரே ஒரு வாய்...*

ரிவர்ஸ் நிறுத்தினான். அவன் நிறுத்துகிற இடம் அது. சுருதி நிறுத்தினார். அவரைப் பார்த்து எல்லோரும் நிறுத்தினார்கள். சர்ச் முழுக்க மூச்சுச் சத்தம்கூட இல்லை. யாருக்கும் எதற்கு என்று தெரியாது, ஆனால் யாரும் அசையவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்து, வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

மடக்.

எனக்குக் கேட்டது என்றால் நம்பமாட்டீர்கள். தபால்காரரைக் கேளுங்கள், அவரும் கேட்டார். கயிற்றுப் பக்கம் இருந்தவனுக்குக் கேட்டிருக்காது. அவள் அவனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

கிண்ணம் காலியாகும்வரை சர்ச் முழுவதும் பாடியது. பாடும், நிற்கும், காத்திருக்கும், பாடும். கடைசியில் அவன் 'போதும், துளியே, போதும்' என்று தொடங்கினான். 'இனி நீ தூங்கு' வரவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இரண்டு கையாலும் என்றால் கயிறு என்ன ஆகும்? திரை விழுந்துவிட்டது. கடைசி வரியைச் சுருதிதான் பாடி முடித்தார். ஞானிகள் மூவரும் பரிசுப் பெட்டியோடு வெளியே நிற்க நிற்க நாடகம் முடிந்தது. அதில் ஒரு ஞானியின் அம்மா என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை, ஏதோ நான் கயிற்றை விட்ட மாதிரி.

மறுநாள் சுருதி தங்கை வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். சாப்பிட்டார். இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பிறகு காகிதமும் பென்சிலுமாக மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்தார். சுவர் தன் கடமையைச் செய்தது.

"மாப்ள, இந்த இடத்துல கொஞ்சம் மேல போங்களேன்."

"அங்க போகாது மச்சான். ரிவர்ஸ் சத்தம் அப்படித்தான்."

"எந்த ரிவர்ஸ்?"

வெளியே எட்டிப் பார்த்தேன். பியானோ வாத்தியார் லாண்டரி வேனின் முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தார், மடியில் காகிதம். வேன் சந்தில் முன்னால் போனது, பின்னால் வந்தது. "இன்னொரு தடவை மாப்ள!" என்று அவர் கத்தினார். இந்தத் தடவை ஒரு வீடும் ஜன்னலைத் திறந்து திட்டவில்லை.

அவர் செய்த ஒரே திருத்தம், 'தொற' என்பதைத் 'திற' என்று ஆக்கியது. பாஸ்டர், 'தூங்காதே' கொஞ்சம் இடிக்கிறதே, 'தூங்கிடுவாய்' என்று போடலாமா என்று கேட்டபோது, "அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றாராம். பாஸ்டர் கை வைக்கவில்லை. அடுத்த வருஷமே அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்.

துளிக்கு இப்போது அப்பாவைவிட உயரம். ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி பார்க்கிறாள். கால் பிசகினவர்களை எழுப்பி நடக்கவைக்கிற வேலை. என் வீட்டுக்கு வந்தால் பிஸ்கட் டப்பாவை அப்படியே கையில் கொடுத்துவிடுவேன், தட்டில் எடுத்து வைப்பதெல்லாம் வீண் வேலை.

கிறிஸ்துமஸ் அன்று மூன்று பேரும் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். பாட்டு எழும், வரிசை வரிசையாக வாய்கள் சேரும், 'இன்னும் ஒரே ஒரு வாய்' வரும். பிரபஞ்சம் மண்டியிடும் அந்த இடத்தில் ரிவர்ஸ் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பான். பழக்கம், விடவில்லை. சுருதி கையை மேலே தூக்கி வைத்திருப்பார். அந்தக் கை எப்போது இறங்கும் என்று பாடகர் குழுவுக்குப் பெரிய கணக்கு. அவர் மனசுக்குள் தாளம் எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எண்ணவில்லை. காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்பாவின் காதுப் பக்கமாக மெல்லச் சாய்ந்து, அந்தப் பெரிய பெண் எச்சிலைக் கூட்டி விழுங்குவாள்.

மடக்.

கை இறங்கும். போதும், துளியே, போதும்.

வானொலியில் அந்தப் பாட்டை முழுக்கப் போட்டார்கள். எங்கள் சர்ச்சில் பதிவு செய்ததுதான், முன்வரிசையில் என் குரல்கூடத் தெரிகிறது. மௌனம் வந்தபோது வானொலிப் பெட்டியோடு காதை ஒட்டவைத்துக் கேட்டேன். சுத்தமான மௌனம். மடக்கைக் காணோம். இரைச்சல் என்று துடைத்துவிட்டாள் போலிருக்கிறது.

அவள் மறுபடி வரட்டும். டீ கிடையாது.